நரகம் என்று அச்சாகியிருந்த இடம்

வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்த அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவளுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் தம்பி குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இறந்த பிறகு எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. சாவு மட்டும் காரணமில்லை. அடக்கத்தன்று போதகர் குழியருகே நின்று, மனந்திரும்பாமல் போனவனுக்கு நரகம்தான் என்று பிரசங்கித்துவிட்டார். அன்றோடு அம்மா ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தினமும் சாப்பாட்டு மேசையில் ஒரே கேள்வி.

"அவனுக்கு இப்போ சுடுமாடி?"

மகள் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

ஒரு புதன்கிழமை வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் மெய்ப்பு வந்தது. மகனைக் காட்டு மிருகம் தின்றுவிட்டதென்று நம்பி, இரத்தக் கறை படிந்த அங்கியைப் பார்த்து அழும் தகப்பனின் கதை. மகன் இருக்கும் இடத்துக்கே துக்கத்தோடு நானும் போய்ச் சேருவேன் என்கிறார் அவர். அந்த இடத்துக்கு 'நரகம்' என்று அச்சாகியிருந்தது. மற்றப் பக்கங்களில் 'பாதாளம்' என்றிருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எபிரேயம் படித்த மொழிபெயர்ப்பாளனிடம் எடுத்துப்போனாள். அவளைவிட இருபது வயது இளையவன்.

"என்ன தம்பி, இவ்வளவு பெரிய மனுஷனையா நரகத்துக்கு அனுப்பி வச்சிருக்கீங்க?"

அவன் மூலத்தைப் புரட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. மூலத்துல எல்லா இடத்துலயும் ஒரே சொல்தான். நல்லவன், கெட்டவன், ராஜா, அடிமை எல்லாரும் போய்ச் சேர்ற இடம். இருட்டா, அமைதியா இருக்கும். நெருப்பு கிடையாது."

"அப்போ நெருப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"அது பிற்பாடு. செத்தவங்க எழுந்திருப்பாங்க, சிலருக்கு வாழ்வு, சிலருக்கு அவமானம்னு பழைய ஏற்பாட்டுலயே கடைசியில எழுதினாங்க. புதிய ஏற்பாட்டுல நெருப்பும் வருது. இயேசு பக்கத்துல சிலுவையில சாகப்போற கள்ளனுக்கு அன்னைக்கே பரதீசுங்கிற சொர்க்கமும் கிடைக்குது. எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்ட முடியாதுக்கா."

"சரி, என் தம்பி எங்க இருப்பான்?"

அவன் மூலத்தை மூடி வைத்தான். "தெரியாதுக்கா. எனக்குச் சொல்லுக்கு அர்த்தம்தான் தெரியும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. திருத்திய பக்கத்தின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நெருப்பைப் பற்றி அவன் சொன்னதையும் மறைக்கவில்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போவேன்னு அவரே சொல்றாரு. போகாதேன்னு ஆண்டவர் தடுக்கலையே?"

"தடுக்கலைம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் பார்த்து அம்மா ஆலயத்துக்குப் போய், நேராகப் போதகரிடம் தாளை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "வேற இடங்கள்ல வேற மாதிரியும் இருக்கேம்மா" என்றார்.

"இருக்கட்டும் ஐயா. எம்பொண்ணு அதையும் சொன்னா. என் பிள்ளையைக் குழியில வச்சிட்டு நீங்க ஒண்ணை மட்டும்தானே சொன்னீங்க?"

போதகர் தாளை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது வாரம் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறாள். பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறாள். முடிந்ததும் உள்ளே போய் ஜெபிக்கிறாள்.