நூற்றிருபது டாலர் போர்வை

டோர்லின் ஊரில் ஆர்லிஸ் வோன்ட்ராசெக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. மாவட்ட அலுவலகத்தின் வண்டிப் பதிவு கவுண்டரில் முப்பத்துநான்கு வருடம் உட்கார்ந்திருந்தவள். கார் வாங்கினாலும் டிரெய்லர் விற்றாலும் நம்பர் பிளேட்டுக்கு அவள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து, யார் மகள் எந்த வேலியில் வண்டியை ஏற்றினாள் என்பதையெல்லாம் படிவம் நிரப்பிக்கொண்டே அவளிடம் சொல்லிவிடுவார்கள். ஆர்லிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகல் முழுக்க ஆட்களோடு பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாரும் இல்லாதது குறையாகத் தெரிந்ததே இல்லை.

அறுபத்துமூன்றாவது வயதில் ஓய்வு பெற்றாள். கேக் வெட்டினார்கள். அடிக்கடி வந்து பார்க்கிறோம் என்று இருபது பேராவது சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் அதுவரை வந்தது நம்பர் பிளேட்டுக்காக. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுதாகப் பிடித்தது. நெப்ராஸ்காவின் குளிர்காலம் எதையும் நிதானமாகப் புரியவைக்கும்.

அடுத்த வசந்தத்தில் தீவனக் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டையைக் குத்திவைத்தாள். 'கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. எந்தக் கட்டிலுக்கானாலும் 120 டாலர். வீட்டுக்கு வந்து துணியைத் தேர்ந்தெடுக்கவும்.'

ஆட்கள் வந்தார்கள். ஒரு போர்வைக்கு மூன்று தடவை வரும்படி அவள் ஏற்பாடு செய்துகொண்டாள். துணி தேர்ந்தெடுக்க ஒரு தடவை. 'பாதி தச்சிருக்கேன், நிறம் பிடிச்சிருக்கான்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க' என்று போன் செய்து இன்னொரு தடவை. வாங்கிப்போக ஒரு தடவை. வருகிற நாளில் பிளம் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டுவைப்பாள். லாரி ஓட்டும் டெல்மர் ஒரு போர்வைக்கு வந்து, மகள் தன்னோடு பேசுவதை நிறுத்தியதைப் பற்றி இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டுப் போனான். அன்று ஆர்லிஸ் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

ஒரு போர்வைக்குத் துணியும் நடுவில் வைக்கும் பஞ்சுமே இருநூறு டாலர் ஆகும். அது அவளுக்குத் தெரியும். ஓய்வூதியம் வருகிறது, சமாளித்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமைகளில் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து தைப்பார்கள். செப்டம்பர் சந்தை முடிந்த வாரம் ஆர்லிஸ் போனபோது பேச்சு சட்டென்று நின்றது. ட்வைலாதான் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் ஆர்லிஸுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள், வாயில் எதுவும் தங்காது.

"ஏண்டி ஆர்லிஸ், உனக்கு லாட்டரி கீட்டரி விழுந்துச்சா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"எதுக்குக் கேக்குற?"

"நூத்திருபதுக்குப் போர்வைய அள்ளி அள்ளிக் குடுக்குறியே, அதான் கேட்டேன். சந்தையில ஜனீனோட போர்வைய ஒருத்தி விரிச்சுப் பாத்து, தடவிப் பாத்து, விலைச் சீட்டைப் பாத்தா. எண்ணூத்தம்பது. 'அம்மாடி, ஆர்லிஸ்கிட்ட இதுல ஏழுல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குதே'ன்னு மடிக்கக்கூட இல்லாம போட்டுட்டுப் போயிட்டா. அன்னிக்கு ஒண்ணுகூட விக்கல."

"என் போர்வை. என் விலை."

"உன் விலை ஊர் விலையால்ல ஆயிட்டிருக்கு!"

ஜனீன் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவனுக்கு முதுகில் அடிபட்டு இரண்டு வருடமாக வேலை இல்லை. அந்தக் குனிந்த தலைதான் ஆர்லிஸுக்கு உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து, மதியம், ஆர்லிஸ் வீட்டு வாசலில் ஜனீன் வந்து நின்றாள். ஆர்லிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். காபிப் பாத்திரத்தை எடுக்க ஓடினாள்.

"காபி வேண்டாம். வேலைக்குத் திரும்பணும்," என்றாள் ஜனீன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "உங்க மேல கோபப்பட்டு வரல. ஒண்ணு கேக்கணும். ஒரு போர்வைக்கு உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகுது?"

"நூத்தி முப்பது... நூத்தி நாப்பது."

"எனக்கும் அவ்வளவுதான். எண்ணூத்தம்பதுல துணிக் காசு போக எனக்கு மணிக்கு அஞ்சு டாலர் நிக்குது. பர்கர் கடையில பொட்டலம் கட்டினா பதினாலு தர்றான். எண்ணூத்தம்பதே நியாயமில்லைங்க, ஆளுங்க தாங்குற விலை, அவ்வளவுதான். நீங்க நூத்திருபதுன்னு எழுதி ஒட்டினா, என் கைக்கு விலையே இல்லைன்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. குளிருக்கு முன்னால வீட்டைச் சூடாக்குற கேஸ் டேங்கை நான் நிரப்பணும்."

ஆர்லிஸ் காபிப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.

"கைக்காசு போட்டு ஏன் விக்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"வர்றாங்க," என்றாள் ஆர்லிஸ்.

"யாரு?"

"யாராவது."

ஜனீன் மேசையைப் பார்த்தாள். தட்டில் எட்டுக் கொலாச்சி, பக்கத்தில் கவிழ்த்துவைத்த இரண்டு கோப்பைகள். ஆர்லிஸின் முழங்கையை ஒரு நொடி பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஆர்லிஸ் தீவனக் கடைக்குப் போய்ப் பழைய அட்டையைப் பிடுங்கிவிட்டுப் புதியதைக் குத்தினாள். 850 டாலர்.

அக்டோபரில் போன் இரண்டு தடவை அடித்தது. ஒருத்தி விலையைக் கேட்டு "ஓ" என்றாள், அத்தோடு சரி. இன்னொன்று தவறான எண். ஆர்லிஸ் அந்த ஆளிடம் வானிலை பற்றி நான்கு வாக்கியம் பேசிப் பார்த்தாள். நவம்பரில் மளிகைக் கடையில் டெல்மர் எதிரே வந்தான்.

"என்ன ஆர்லிஸ், இப்ப தங்க நூல்ல தைக்கிறீங்களாமே!"

"அதே நூல்தான் டெல்மர். நூத்தி நாப்பது மணி நேரம் தைக்கிறேன்."

"அடேங்கப்பா. அப்ப நியாயம்தான்," என்றான். நியாயம் என்று ஒப்புக்கொண்டதோடு சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மகளோடு பேச்சு வார்த்தை உண்டா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அடுத்த வரிசைக்குத் திரும்பியிருந்தான்.

கிறிஸ்துமஸ் விற்பனையில் ஜனீனின் போர்வை மூன்று போனது என்று ட்வைலா சொன்னாள். ஆர்லிஸ் மனதார மகிழ்ந்தாள். மகிழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் அப்படியே பாக்கி இருந்தது.

பிப்ரவரியில் லிங்கன் நகரத்திலிருந்து ஒரு பெண் காரில் வந்தாள். நீலமும் பழுப்புமான போர்வையை எடுத்து, திருப்பி, தையலை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல இது ஆயிரத்து நானூறு போகும். நீங்க கம்மியா கேக்குறீங்க," என்று காசோலை எழுதினாள். பேரம் இல்லை.

"ஒரு வாய் காபி?"

"ஐயோ, பனி வருதாம். இன்னொரு நாள்."

மொத்தம் ஆறு நிமிடம். ஜன்னலருகே நின்று கார் திரும்பிப் போவதைப் பார்த்தாள் ஆர்லிஸ். அவள் வேலைக்கு இதுவரை இவ்வளவு மதிப்பு யாரும் தந்ததில்லை. இவ்வளவு சீக்கிரம் யாரும் போனதும் இல்லை. அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. முப்பத்துநான்கு வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், ஊர் வந்தது. பிறகு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரை வரவழைத்தாள். ஒரு தடவையாவது எழுந்து போய் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாளா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஞாபகத்தில் ஒரு கதவும் வரவில்லை.

பனி நின்றதும், சனிக்கிழமை காலை, தைப்பதற்கு ஒரு துணித்துண்டை எடுத்துக்கொண்டு ஜனீன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகும் வழியில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தாள். போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஜனீன் ஈரக் கையோடு நின்றாள். "ஆர்லிஸ்! ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா... வந்தேன்."

"வீடு கெடக்குற கெடைய பாக்காதீங்க. இன்னும் அரை மணியில அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்." கொஞ்சம் யோசித்தாள். "அரை மணி இருக்குல்ல. உள்ள வாங்க. பூட்ஸை அங்கயே விடுங்க."

சோபாவில் குவிந்திருந்த துணியை ஜனீன் தள்ளி இடம் பண்ணினாள். இருவரும் தைத்தார்கள். ஜனீனின் கணவன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பெரிதாக எதுவும் பேசவில்லை. ஒரு தடவை ஜனீன், "நீங்க தைக்கிறது என்னைவிட நெருக்கமா இருக்கு. எனக்குக் கோபமா வருது," என்றாள். ஆர்லிஸ் சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது, "அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டாள். கேட்பதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அடுத்த சனி முடியாதுங்க. அதுக்கு அடுத்தது... போன் பண்ணுங்களேன், பாப்போம்."

வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைக் கண்டுபிடித்தாள். வட்டம் போடவில்லை, பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள். அதற்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது.