கெண்டைக்கால் வலி: திருத்திய பிரதி

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் குளியலறையில் பிறந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் உள்ளே போய் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் சாம்ராஜ் எழுந்திருக்க முடியாமல், "சுந்தரி, ஒரு கை குடு" என்று கத்தினார். போய்த் தூக்கி நிறுத்தி, சிரித்து முடிப்பதற்குள் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் நடக்கும்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது: "அந்தி வெயிலில் சயனைட் மலை பொன்னாய் மின்ன, தன்னந்தனியாக நடந்த அந்த மனிதனின் பாதங்கள்..."

(விட்டுவிட்டேன். சயனைட் மலை என்பது தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் மேடு, அது எங்கே மின்னுகிறது? காற்றடித்தால் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் துணி காயப்போட முடியாது. தன்னந்தனியும் இல்லை, நாலு தெருநாய்கள் அவர் பின்னாலேயே போயின.)

2

சரி, உள்ளதை எழுதுகிறேன்.

சாம்ராஜ் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்க உச்சியில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து லீவரை இழுத்தார். நடந்ததெல்லாம் கீழே இருந்தவர்கள். ரிட்டயர் ஆன வருஷமே மாரடைப்பு வந்தது. சின்னது என்றார்கள். எனக்கு அது சின்னதாக இல்லை. தினமும் நடக்கணும், மெதுவாக ஆரம்பிக்கணும் என்று கோலாரில் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இந்தக் கதையில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். இதுதான்: அவர் நடக்காவிட்டால் அவர் இருக்க மாட்டார். எனக்கு அவர் வேண்டும்.

'மெதுவாக' என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறவில்லை. முதல் நாளே மைல் கணக்கில் தள்ளியிருக்கும் பாலகாட் வரைக்கும் போய்த் திரும்பினார். சாயங்காலம் கெண்டைக்கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. வேறு யாராவது என்றால் படுத்திருப்பார்கள். இவர் சுரங்கத் தொழிலாளி பெற்ற பிள்ளை. உடம்பு நோவை அடுத்த ஷிப்டுக்குப் போய்த்தான் தீர்க்கணும், வீட்டில் படுத்தால் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்றால் மானக்கேடு என்று கேட்டு வளர்ந்தவர்.* மறுநாள் விடிந்ததும் அதே பாலகாட். அதற்கு மறுநாள்தான் குளியலறை.

(* என் மாமனாருக்கு அது சரிப்பட்டது. அவர் உடம்பு தினமும் உழைத்துப் பழகியது. மகனுடையது நாற்காலிக்குப் பழகியது. இந்த அடிக்குறிப்பை அடிக்கச் சொல்கிறார் சாம்ராஜ். அடிக்க மாட்டேன்.)

3

"இனிமே நடக்கறதே கெடையாது" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"கால் ரெண்டும் போச்சு."

"எங்கியும் போகல, அங்கியேதான் கீது. இன்னிக்கு சும்மா இருங்க. நாளைக்கு ஸ்டேஷன் வரிக்கும் போதும்."

"ஆரம்பிச்ச ஒடனே ஆப்சென்ட்டா? இன்னா பேசற நீ?"

"ஃபேக்டரில உங்களுக்கு வீக்லி ஆஃப் இருந்துச்சா, இல்லியா? ஆஃப்ல இருக்கறவன ஆப்சென்ட்னு போடுவாங்களா?"

யோசித்தார். "ஆஃப்னா சரி" என்று ஏதோ யூனியன் பேசி வாங்கிக் கொடுத்த மாதிரி கம்பீரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் காலுக்கு வெந்நீர் ஊற்றினேன். மத்தியானம் கால் விறைத்துப்போகாமல் இருக்க, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கவிட்டேன். மறுநாள் ஸ்டேஷன் வரைக்கும் ஆடி அசைந்து போய் வந்தார். இரண்டே நாளில் படியிறங்கும்போது "ஐயோ" போய் "ஸ்ஸ்" ஆனது. பிறகு அதுவும் போனது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வலி போயிற்று. சாம்ராஜ் நடந்தார். முற்றும்" என்று எழுதிவிட்டு டீ போடப் போனேன்.

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. மானம் மூடிக் கிடக்கிறது என்றார். அதற்கு மறுநாள் நாய்த் தொல்லை என்றார். அப்புறம் காரணம்கூடச் சொல்லவில்லை.

4

முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு எழுதி வைத்தேன்.

அ) பெங்களூரிலிருந்து மகள் பல்லவி வந்து திட்ட, அவர் திருந்துகிறார். (பல்லவி திட்டி அவர் எதற்கு அசைந்திருக்கிறார்?)

ஆ) ஒரு நாள் அவரே விடியலில் எழுந்து, புது மனிதராக, கதிரவன் தன் பொற்கரங்களை... (தூ.)

அப்போதுதான் அவர் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதியதையெல்லாம் படித்தார்.

"இன்னா இது, பக்கம் பூரா கெண்டைக்காலு?"

"வேற எங்க வலிச்சுது உங்களுக்கு?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"கால்வலி எப்பவோ போயிடுச்சு, சுந்தரி. தோள்ல லேசா புடிச்சாக்கூட இது நடந்த வலியா, அந்த வலியான்னு தெரியல. அதையே பாத்துக்கினு நடக்கறேன். நடுரோட்ல உழுந்தன்னா நீ இங்க எழுதிக்கினு இருப்பே. பயமா கீது. அத எழுது."

இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், பயம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுக்க வேண்டியவள் நான்.

5

கோலாருக்குப் போன் போட்டு டாக்டரிடம் கேட்டேன். நெஞ்சு பிடித்தாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நின்று ஆளைக் கூப்பிடணும் என்றார். மற்றபடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டு அப்படியே அவரிடம் ஒப்பித்தேன்.

"பேசிக்கினே நடக்கணும்னா..." என்று இழுத்தார். "யார்கிட்ட பேசறது?"

வாசகரே, இந்த இடத்தில் நான் சட்டென்று எழுந்தேன் என்று எழுதத்தான் ஆசை. எழவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய இடுப்பு என்னுடையது, நான்கு தெரு தாண்டி நடந்து வருஷங்கள் ஆயின. நாளைக்கு இந்த வீட்டில் குளியலறையிலிருந்து கத்தப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"வரியா, இல்லியா?"

"தோ, ஒரு வரி" என்கிறேன்.

அந்த வரியை எழுதப்போவதில்லை. கிளம்புகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழை வரட்டும், நாய் துரத்தட்டும், என் கால் இரண்டும் கட்டையாகட்டும், எதற்கும் நான் தயார். நடுரோட்டில் அவரை மட்டும் தனியாக நிற்கவைத்துவிடாதீர்கள்.