முழுச் சுற்று

எங்கள் கசாக் நாட்டுக் கோக்கோல் ஏரியைச் சுற்றி இரண்டு பாதைகள் ஓடுகின்றன. சிவப்புத் தார் போட்டது சைக்கிளுக்கு, சாம்பல் நிறத்தது நடக்கிறவர்களுக்கு. சனிக்கிழமை வந்துவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் காற்றில் பறந்துவிடும். தலைநகரத்துக் கூட்டம் கார் காராக வந்து இறங்கும். பைன் மரத்தடியில் கறி சுடும் புகை, வாடகைப் படகில் கூச்சல், சைக்கிள்காரன் விடாமல் மணியடிக்க நடக்கிறவன் அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவான். அதனால்தான் இதய ஆபரேஷன் முடிந்து கரையோர சானடோரியத்தில் உடம்பு தேற்ற வந்தவர்களிடம் டாக்டர் படித்துப் படித்துச் சொல்வார், சனிக்கிழமை தூரம் போகாதீர்கள் என்று.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான், துணைக்கு வந்திருந்த நாகிமா, ஆபரேஷனான தன் ஓரகத்தி ரௌஷானை முழுச் சுற்றும் நடந்துவிட்டு வரச் சொன்னாள்.

"நெசமாத்தான் சொல்றியா?" ரௌஷானுக்கு நம்ப முடியவில்லை. "நேத்து வரைக்கும் பாதி வழி பெஞ்சைத் தாண்டினா காலை ஒடிப்பேன்னு மிரட்டினவ நீ. ராத்திரி ஏதாவது கனவு கண்டியா?"

"உடம்பு தேறிடுச்சுக்கா. மூஞ்சியில ரத்தம் ஏறியிருக்கு பாருங்க. மெதுவா போங்க, உக்காந்து உக்காந்து போங்க. அவசரமே இல்ல."

"நீ வரலியா?"

"தலை வலிக்குது. உங்க போனைக் குடுத்துட்டுப் போங்க, சார்ஜே இல்ல. போட்டு வைக்கிறேன்."

ரௌஷான் போனைக் கொடுத்துவிட்டு, மகன் வாங்கித் தந்த வெள்ளை நடைச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஷூ என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆம்பிளைங்க போடுறது என்பாள். நாகிமா ஒரு பையில் பௌர்சாக் என்கிற பொரித்த மாவுப் பண்டமும் உப்புத் தயிர் உருண்டையும் கட்டிக் கொடுத்தாள். ரௌஷானின் கவனமெல்லாம் ஏரியில் இருந்தது. அடுத்த வாரம் மகன் கைசார் வருகிறான். வந்ததும் ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஏரியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். மருமகளாக வந்த வீட்டில் சைக்கிள் பக்கம் போகவே விடவில்லை என்று அவள் புலம்பாத நாளில்லை, அதற்காகத்தான். அவன் வருவதற்குள் ஒரு தடவையாவது நடந்தே சுற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

"எங்கம்மா கிழவி இல்லடான்னு அவனே ஊரெல்லாம் சொல்லணும்," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

அவள் பைன் மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் நாகிமா மூச்சு விட்டாள். சாப்பாட்டுக்கூடத்து டிவியில் செய்தி ஆரம்பிக்கும் நேரம். அந்த டிவியிலிருந்து ஓரகத்தியைக் கிளப்ப வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. விடியற்காலையில் கணவனின் அண்ணன், மூத்தார், போன் செய்திருந்தார். கைசார் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு தீப்பிடித்துவிட்டது. ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர்களில் சிலரை மேலே கொண்டுவந்தார்கள். கைசார் உயிரோடு வந்தான், ஆனால் தலையிலிருந்து கால்வரை வெந்துபோய்.

"நினைவில்ல, தேறவும் மாட்டான்னு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க," என்றார் மூத்தார். "நல்லா கேட்டுக்கோ நாகிமா. ரௌஷான் காதுல இது விழக்கூடாது. நெஞ்சை வெட்டித் தைச்சு ஒரு மாசம்கூட ஆகல. முடிஞ்சதும் நானே பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வந்து முறைப்படி சொல்றேன். அதுவரைக்கும் போன், டிவி, பக்கத்து ரூம்காரி, எதுவும் அவகிட்ட நெருங்கக்கூடாது. உன் பொறுப்பு."

எங்கள் கசாக்குகளிடம் இது ஒரு பெரிய வழக்கம். சாவுச் செய்தியை யாரும் வாய் திறந்து நேராகச் சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் கூட்டமாக வருவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், குதிரையைப் பற்றியும் பருந்தைப் பற்றியும் பேசுவார்கள், சுற்றிச் சுற்றிக் கடைசியில் விஷயத்துக்கு வருவார்கள். அதுவரை பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. தெருவுக்கே தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும், அவள் ஒருத்தி மட்டும் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். கருணை என்று இதற்குப் பெயர். கருணையாகவும் இருந்திருக்கும், எத்தனையோ பேருக்கு. ஆனால் கைசார் அப்போது இன்னும் சாகவில்லையே.

நாகிமா வராந்தாவில் உட்கார்ந்தாள். ரௌஷானின் போன் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. திரையில் கைசார் என்று பெயர் வந்தது.

முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ அவன் போனில் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள்.

"அம்மா?"

குரல் அவனுடையது. தொண்டைக்குள் மணலைக் கொட்டியதுபோல் கரகரத்தது, ஆனால் அவனுடையதுதான்.

"கைசார்... கண்ணு, சித்திடா."

"சித்தி. அம்மா எங்க?"

"நீ பேசாதடா. படுத்திரு. யாருடா உனக்குப் போன் குடுத்தா?"

"லாக்கர்ல இருந்துச்சு. கூட்டாளி கொண்டாந்தான். நர்ஸ் அக்கா காதுல புடிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்குக் கை..." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வலியே இல்ல சித்தி. அதான் பயமா இருக்கு. அம்மாகிட்ட குடுங்க."

நாகிமா ஏரியைப் பார்த்தாள். தண்ணீரில் அன்னப்பறவைப் படகுகள். ரௌஷான் எங்கே நடந்துகொண்டிருக்கிறாளோ தெரியவில்லை.

"பெரியப்பா சொல்லக்கூடாதுன்னாரா?" என்று கேட்டான் கைசார். புத்திசாலிப் பையன், எப்போதுமே அப்படித்தான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சித்தி. சத்தியமா. ஜலதோஷம்னு சொல்றேன். சைக்கிள் விஷயம் பேசணும், அவ்வளவுதான். அவங்க குரலைக் கேக்கணும்."

இந்த இடத்தில் நாகிமா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா நடக்கப் போயிருக்கிறாள், இதோ ஓடிப்போய்க் கூட்டி வருகிறேன், போனை வைக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் குரலை ஜலதோஷம் என்று எந்தத் தாய் நம்புவாள்? ரௌஷான் பாதையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதை நாகிமா மனக்கண்ணால் பார்த்தேவிட்டாள். உன் பொறுப்பு என்ற மூத்தாரின் குரலும் காதில் நின்றது. வாயில் வந்தது பொய்தான்.

"அம்மா தூங்குறாங்கடா கண்ணு. மாத்திரை போட்டிருக்காங்க. எழுந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

"சரி சித்தி. எழுப்பாதீங்க. நான் முழிச்சிருக்கப் பாக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. நாகிமா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் செய்தது அதைவிட மோசம், மூத்தாரிடம் அனுமதி கேட்கப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். டீ ஊற்றி வைத்து, குடிக்காமல், மறுபடி போட்டாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மூத்தாரைக் கேட்காமல் ஒரு ஆட்டை வெட்டியதில்லை, ஒரு பல்லைப் பிடுங்கியதில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவர் கிடைத்தார், காருக்குள்ளிருந்து.

"பெரியத்தான், அவன் பேசினான்! நினைவோட பேசினான். அம்மா குரலைக் கேக்கணும்ங்கிறான்."

"நான் பாக்கும்போது நினைவில்ல. எடுத்தியா நீ அந்தப் போனை?" என்று சீறினார். "அவ அங்க நெஞ்சடைச்சுச் செத்தா ரெண்டு பொணத்தை நான் தூக்கணும். நீயா பதில் சொல்லுவ? நாங்க அப்பவே கிளம்பிட்டோம், பாதி வழிக்கு மேல வந்தாச்சு. ஒரு நர்ஸம்மாவையும் கூட்டிட்டு வரோம். வாயை மூடிக்கிட்டு இரு."

கிளம்பிவிட்டோம் என்று ஏன் சொன்னார், இன்னும் எதுவும் முடியவில்லையே என்று நாகிமா யோசித்தாள். பிறகு புரிந்தது. வழி தூரம். முடிந்த பிறகு கிளம்பினால் நேரமாகிவிடும். அதனால் அவன் சாவதற்குள்ளேயே சாவைச் சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாக ஆத்திரம் வந்தது. போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாடகைச் சைக்கிள் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகைக்காரன் கென்னாதி சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமைம்மா. எல்லாம் போயிடுச்சு. அதோ அந்த ரெட்டைதான் இருக்கு, அதுக்கும் ஜோடி வேணும். உனக்கு ஜோடி எங்க?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கா. எடு."

"தனியா ஓட்டினா குப்புற விழுவ."

"விழுந்தா நானே எழுந்துக்கிறேன். எடுய்யா!"

சின்ன வயதில் ஓட்டியதுதான். இரட்டைச் சைக்கிள் பின்னால் ஆள் இல்லாமல் எருமை மாதிரி இழுத்தது. எதிரே வந்தவர்கள் பாதையை விட்டுத் துள்ளினார்கள். "பாட்டி, பின் சீட்டுக்காரர் வழியில விழுந்துட்டாரா?" என்று ஒரு பையன் கத்த, அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். பழுப்பு நிறப் பாவாடை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. நாகிமா மிதித்தாள். முழிச்சிருக்கப் பாக்கிறேன் என்றானே, முழித்திரு, முழித்திரு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மிதித்தாள். பாதி வழி பெஞ்ச் காலியாக இருந்தது. அதையும் தாண்டி, கோரைப்புல் அடர்ந்த கரையில்தான் ரௌஷானைப் பிடித்தாள்.

ரௌஷான் அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே இடுப்பில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கணவன் போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை.

"அடிப்பாவி! என்னடி இது வேஷம்? என் மகன் என்னை ஏத்தப் போறான்னு பொறாமைல முந்திக்கிட்டியா?"

நாகிமாவுக்குப் பேச மூச்சில்லை. போனை எடுத்து நீட்டினாள். "கைசார்... கூப்பிட்டான். உங்ககிட்ட பேசணும்னான். போடுங்கக்கா. உடனே போடுங்க."

ரௌஷான் சிரிப்பு மாறாமல் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இந்தத் தடவை ஒரு பெண் எடுத்து, "யாரு?" என்றாள். "அவன் அம்மா," என்றாள் ரௌஷான். அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

ரௌஷான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, துடைக்க மறந்ததுபோல்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா தூங்குவான்," என்றாள் மெதுவாக. "காலையில என்னைக் கூப்பிட மாட்டானே." பிறகு நாகிமாவின் கிழிந்த பாவாடையைப் பார்த்தாள். நாகிமாவின் முகத்தைப் பார்த்தாள். பௌர்சாக் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுச் சைக்கிளின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி," என்றாள்.

இருவரும் மிதித்தார்கள். நெஞ்சு தைத்தவள் மிதிக்கக்கூடாது என்று சொல்ல நாகிமாவுக்குத் தைரியமில்லை. இப்போது சைக்கிள் லேசாக ஓடியது. பார்த்தவர்கள் கைகொட்டி உற்சாகப்படுத்தினார்கள். கரையில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். முழுச் சுற்றும் முடிகிற இடத்தில், கார் நுழையவே கூடாத பாதையில், தடுப்புக் கட்டையைத் தூக்கி ஒரு கறுப்புக் காரை விட்டிருந்தார்கள். அதிலிருந்து தொப்பி போட்ட பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியில் மருந்துப் பெட்டியோடு ஒரு நர்ஸ் இறங்கினாள்.

எங்கள் பெண்களுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ரௌஷான் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் கொஞ்ச தூரம் தானே உருண்டு நின்றது.

மூத்தார் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "ரௌஷான், கையில வளர்த்த பருந்தா இருந்தாலும் ஒருநாள்..."

அவள் அவர் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினாள். அந்த வீட்டில் அவர் பேச்சை ஒரு பெண் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. நர்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள், ஆனால் அவளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. எல்லோரும் பயந்து பயந்து காப்பாற்றிய அந்த இதயம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப கூப்பிட்டான்?" என்று நாகிமாவிடம் கேட்டாள் ரௌஷான்.

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலக்கா."

"பேசினானா? அவனேவா?"

"அவனேதான்."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான். உங்க குரலைக் கேக்கணும்னான்."

"நீ என்ன சொன்ன?"

நாகிமா சைக்கிளின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "தூங்குறீங்கன்னு சொன்னேன்."

ரௌஷான் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வெள்ளைச் செருப்பு முழுக்க ஏரிக்கரைப் புழுதி.

"நான் தூங்கலையேடி," என்றாள். "நடந்துக்கிட்டுத்தானேடி இருந்தேன்."