ஊசி அளந்த வெள்ளைச் சட்டை

என் வீட்டுக்காரர் மலேயாவிலிருந்து திரும்பியபோது கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது, சட்டைப் பையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருந்தது. பெண்டாட்டிக்கு ஒரு சேலை வாங்கத் தோன்றவில்லை. ஆவூரில் வந்து இறங்கிய நாளிலிருந்து மீட்டருக்கான புத்தகத்தை விரித்துவைத்து எனக்குப் பாடம் நடத்தினார். கேட்க வேறு ஆள் சிக்கவில்லை போலும்.

"இந்த ஊசிக்கு வெவரம் பத்தாது. எதப் பாத்தாலும் சாம்பல் நெறமுன்னுதான் நெனைக்கும். வெள்ளையக் காட்டுனா வெளிச்சம் சாஸ்தின்னு பயந்து கொறைக்கச் சொல்லும். அதக் கேட்டு எடுத்தா மூஞ்சி இருட்டாயிரும். மொகத்துக்கிட்ட கொண்டுபோயி அளக்கணும், வெளங்குதா?"

"நம்ம கருத்த மூஞ்சிக்கு இம்புட்டு வேலையா?" என்றேன். சிரித்தார்.

எங்கள் மகள் அருளாயிக்கு மூன்று வயது. அப்பனை அவள் பார்ப்பதே இப்போதுதான். அவளைப் படம் எடுக்கத்தான் கேமராவே வாங்கினாராம். அவளோ ஓரிடத்தில் நிற்க மாட்டாள். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால்தான் படம் விழும், அதற்குள் பிள்ளை ஓடிவிடும். கழுவி வந்த முதல் ரோல் முழுக்க அவள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. வாசல் வெயிலுக்குக் கூட்டி வந்தால், கேமராவைக் கண்டதும் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"பழகட்டும். திருவிழாவுக்குள்ள நிப்பா," என்றார்.

திருவிழாவுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. வண்டி கட்டிக் குளத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் அடங்கிப்போனாள்.

சின்னப் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களான எங்களில் வெள்ளை உடுத்தித்தான் அடக்கம் செய்வோம். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைக் காகிதப்பூக் கிரீடம், பெட்டிக்குள்ளும் வெள்ளைத் துணி. கோயிலின் சுண்ணாம்புச் சுவர் ஓரமாக, உச்சி வெயிலில் பெட்டியை இறக்கினார்கள். கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். இனி அவளைப் பார்க்க எனக்கு வேறு வழியில்லை. ஊரே பார்க்க அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"மொகம் விழணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மீட்டரை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்தே அதை நீட்டினார். ஊசி ஒரேயடியாக அங்கிட்டுக் கோடிக்குப் போய்விட்டது. அது பார்த்ததெல்லாம் சட்டையும் சுவரும்தான். பிள்ளையின் முகமோ பெட்டி விளிம்பின் நிழலில் கிடந்தது.

"கிட்டப் போங்க. மொகத்துக்கிட்ட புடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"முடியலடி. அதக் கொண்டுபோயி அவ மூஞ்சில எப்படிப் புடிப்பேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு நானே குனிந்தேன். அவள் கன்னத்தருகில் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து ஊசி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. துடைக்கத் துடைக்க நிறைந்தது.

"அண்ணே, சாமியார் காத்திருக்காரு," என்று என் கொழுந்தன் சூசை பெட்டி மூடியைத் தூக்கினான். ஊசி முதலில் காட்டிய அளவிலேயே கேமராவை வைத்து அவர் அமுக்கிவிட்டார். அன்றுதான் அவள் அசையாமல் இருந்தாள்.

புதுக்கோட்டையிலிருந்து படம் வந்தது. சட்டையின் பின்னல் இழை இழையாகத் தெரிந்தது. காகிதப்பூவின் மடிப்புகூடத் தெரிந்தது. பூக்கிரீடத்துக்கும் சட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லை, கறுப்பு. அவர் பஸ் ஏறிப் போய் ஸ்டுடியோக்காரரிடம் மன்றாடினார்.

"அந்த எடத்துல வெளிச்சமே விழாம பிலிம் வெறும் கண்ணாடியா இருக்குங்க. அதுல இருந்தாத்தான நான் கொண்டார முடியும்?" என்றாராம் அவர்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒரு மாசந்தான் பாத்தேன். நீ மூணு வருசம் பாத்தவ. அவ மொகத்தச் சொல்லு."

சொன்னேன். ஒரு புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றேன். மூக்கு உங்கள் மூக்கு என்றேன். மேலுதட்டுத் தழும்பையும் சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்து அவளைப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். அந்தப் படம்தான் வந்தது.