வாசலைப் பார்த்த விளிம்புகள்

தகரத் தகட்டைத் தலையால் முட்டுக்கொடுத்தபடி, ஏணியின் உச்சியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார் அப்பா ஆர்வில். கீழே மகள் வெர்னா ஏணியைப் பிடித்திருந்தாள். கட்டிலில் அம்மா மல்லாந்து கிடந்தாள். புரண்டு படுக்கவும் இனி முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உட்கூரையின் பழைய சுண்ணாம்பு பெயர்ந்து அவள் போர்வைமேல் விழுந்த அன்றுதான், பூ அச்சிட்ட வெள்ளைத் தகடுகளை அப்பா குதிரை வண்டியில் ஏற்றி வந்தார். அவள் கண்மூடுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அந்த ஓஹையோ ஊரில் கடைகளுக்கெல்லாம் தகர உட்கூரை போட்டவர் அம்மாவின் தம்பி ஏமஸ். தேவாலயத்தில் மூப்பர், வேலையும் வாக்கும் சுத்தம். மாலையில் உள்ளே வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒரு தகட்டின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி உட்காரும். வாசலில் நுழைகிறவர் கண்ணில் படாதபடி அதை அடுக்குவதுதான் முறை. இங்கே ஒவ்வொரு விளிம்பும் வாசலைப் பார்த்துப் பல்லிளித்தது.

“என்ன மச்சான், கண்ண மூடிக்கிட்டு அடிச்சீங்களா? அக்கா வீட்டுக்கே ஏமஸ் போட்ட லட்சணத்தப் பாருன்னு ஊரே சிரிக்கும்.”

அப்பா வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார். “அவ வாசல்ல நின்னா பாக்கறா?”

கட்டிலிலிருந்து பார்த்தால் ஒரு விளிம்பும் தெரியாது. வெள்ளைப் பூக்கள் மட்டும்தான்.

“நீ போட்ட கூரையெல்லாம் பாத்து எனக்குக் கழுத்துதான் வலிச்சுது ஏமஸ்,” என்றாள் அம்மா, மெதுவாக. “இது சொகமா இருக்கு.”

ஏமஸ் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே போனார்.

விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். வாசலோரம் ஒரு வரிசை பாக்கி. அப்பா ஏணியில் கால் வைத்தார், ஏற முடியவில்லை. சுத்தியலோடு ஏமஸ் வந்ததும் வெர்னா ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பெயர்த்துத் திருப்பிப் போட்டுவிடுவாரோ? பிற்பகலில் துக்கம் கேட்க ஊரே இந்த வாசல் வழியாகத்தான் வரும்.

அவர் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்து, கட்டிலைப் பார்த்தார். பிறகு சத்தம் எழாதபடி சுத்தியல் முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அப்பா அடித்த போக்கிலேயே கடைசி வரிசையையும் அடித்து முடித்தார்.

சவப்பெட்டியை அந்த அறையிலேயே வைத்தார்கள். ஆணிக்கடை கிளவ் வாசற்படியில் தொப்பியைக் கழற்றியவர், தற்செயலாக மேலே பார்த்தார்.

“ஏமஸ், இது யார் வேலைப்பா?” என்றார் தணிந்த குரலில்.

அப்பா நிமிர்ந்தார்.

“என்னுதுதான்,” என்றார் ஏமஸ்.

கிளவ் இரண்டாவது முறை மேலே பார்க்காமல் பெட்டியருகே போனார். அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஏமஸ் வந்து உட்கார்ந்தார். அவர் தோளில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளை அப்பா புறங்கையால் தட்டிவிட்டார்.