கண்ணாடி போட்ட கடிதம்

கடத்தூர் வட்டாரத்தில் டாக்டருக்குப் படித்தவர்கள் உண்டு. பட்டாளத்துக்குப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஏரோப்ளேன் ஓட்டுகிறவன் ஒருத்தன்தான்: சவரிராயன் மகன் பிலவேந்திரன். ஆந்திராவில் பருத்திக் காட்டுக்கு மேலே பனைமர உயரம்கூட ஏறாமல் பறந்து மருந்தடிக்கிற விமானம் அவனுடையது. அதாவது கம்பெனியுடையது, ஆனால் ஊரில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். அவனுக்கும் அந்தப் பெருமை கசக்கவில்லை. லீவில் வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்குமான அரை மைலை முக்கால் மணி நேரம் நடப்பான். நாலு பேர் கூப்பிட்டுப் பேச வேண்டுமே!

1986 ஏப்ரலில் அப்படித்தான் மனைவி லூர்து மேரியோடு நடந்து வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும், சுவரில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. நல்ல தேக்குச் சட்டம், துடைத்து வைத்த கண்ணாடி. உள்ளே சிங்க முத்திரையோடு டைப் அடித்த ஓர் ஆங்கிலக் கடிதம்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் அவன் மாதக்கணக்கில் காத்திருந்தான்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையில் அவன் இதயத் துடிப்பின் வரைபடம் சரியில்லை என்று அவன் பறப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷம் கெஞ்சி, மாத்திரை தின்று, எடை குறைத்து, விசேஷ அனுமதி ஒன்று வாங்கினான்: தனியாக ஓட்டலாம், ஆனால் அவ்வப்போது மருத்துவ வாரியத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டும், தேதியைக் கடிதத்தில் எழுதுவோம் என்றார்கள். அந்த அனுமதிக் கடிதம் வந்த நாளில் இதே வீட்டில் அதை உரக்கப் படித்துவிட்டு அப்பாவைத் தூக்கிச் சுற்றியிருக்கிறான். நிரந்தர முகவரி என்று இந்த வீட்டைக் கொடுத்ததும் அவன்தான். பிப்ரவரியில் அதே முத்திரையோடு இன்னொரு கடிதம் வந்தபோது, இங்கிலீஷ் தெரியாத சவரிராயன் என்ன நினைப்பார்? இதுவும் பாராட்டுத்தான் என்று நேரே கடத்தூர் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

"கண்ணு, இத்த கொஞ்சம் மாரப்பனுக்குப் படிச்சுக் காட்டு. ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கறான்" என்றார் சவரிராயன். பக்கத்துக் காட்டு மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

பிலவேந்திரன் படித்தான். மார்ச் பத்தாம் தேதி பெங்களூர் வாரியத்தின் முன் வரவேண்டும். வராவிட்டால் விசேஷ அனுமதி காலாவதி. திரும்பினால் அப்பாவின் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எந்த மகனால் முடியும்?

"'கேப்டன் பிலவேந்திரன் இத்தன வருசமா ஒரு விபத்தும் இல்லாம ஓட்டறாரு, சர்க்காருக்கு ரொம்ப சந்தோசம்'னு எழுதியிருக்குதுங்க" என்றான்.

"அப்பிடிப் போடு!" என்று மாரப்பன் தொடையில் தட்டினார். "சர்க்காரு சும்மா எழுதுவானா?"

லூர்து மேரி தருமபுரியில் பள்ளிக்கூட டீச்சர். எதைக் கண்டாலும் படிக்கிற வியாதி அவளுக்கு. மாரப்பன் போன பிறகு கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றாள்.

"என்னாங்க இது? மார்ச் பத்தாந்தேதி வரச் சொல்லியில்ல இருக்கறாங்க? வரலைன்னா பர்மிசன் போச்சுன்னு போட்டிருக்குது. நீங்க என்னத்தப் படிச்சீங்க?"

அவன் சைகை காட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வறுத்த கடலைத் தட்டோடு சவரிராயன் வாசற்படியில் நின்றிருந்தார். தட்டைக் கீழே வைத்தார். "அப்ப, எம் மவன் பொழப்ப நானே ஆணியடிச்சு மாட்டிட்டனா?" என்று கேட்டார். ராத்திரிக் களியைத் தொடவில்லை.

மறுநாள் பிலவேந்திரன் தருமபுரிக்குப் போய்ப் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டான். அங்கே ஃபிளையிங் கிளப்பில் ஆசிரியராக இருக்கும் வெங்கடாசலம் பழைய கூட்டாளி, சட்டம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். கேட்டுவிட்டு வழிகளைச் சொன்னார்.

"மறுபடியும் விண்ணப்பம் போட்டு, ஓட வெச்சுப் பாக்கற டெஸ்ட் வரைக்கும் எல்லாம் முதல்ல இருந்து செய்யலாம். தேறிட்டா பழையபடி ஓட்டலாம். தேறலைன்னா ஃபைல்ல 'அன்ஃபிட்'னு ஏறிடும், அப்பறம் பட்டம்கூட விட முடியாது. இல்ல, பக்கத்துல இன்னொரு பைலட் இருந்தா மட்டும் ஓட்டறேன்னு எழுதிக் குடு, சுலபமா கிடைக்கும்."

"என் விமானத்துல ஒரு சீட்டுதான் சார்."

"தெரியும். அப்ப நான் சொல்றதக் கேளு. எதுவும் பண்ணாத. ஃபைல்ல கடைசியா இருக்கறது 'ஃபிட்'. அது அப்படியே இருக்கட்டும். கிளப்புல பாடம் எடுக்க வா. சாகற வரைக்கும் கேப்டன்தான்."

கடைசி வழி தேனாக இனித்தது. காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஜனவரியில் ஒருநாள், வயலின் கோடியில் விமானத்தைத் திருப்பும்போது நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்தியதும், இடது கை மரத்துப் போனதும், அவன் வாயைத் திறக்காமல் மீதி மருந்தையும் அடித்து முடித்து இறங்கியதும். டெஸ்டுக்குப் போனால் அது வெளியே வரலாம். போகாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊர் என்ன சொல்லும்? பையன் ராஜாவாட்டம் ஓட்டிக்கொண்டிருந்தான், கிழவன் கடிதத்தைச் சுவரில் மாட்டிக் கெடுத்துவிட்டான் என்று சொல்லும்.

திரும்பி வந்தபோது சவரிராயன் கிணற்றடியில் மாட்டைக் கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தன் கௌரவம் சுத்தமாக இருக்க, பழி முழுவதையும் இவர் தலையில் ஏற்றிவிட்டு நான் கேப்டன் என்று நடமாடுவதா? பிலவேந்திரனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே விண்ணப்பம் எழுதினான்.

மே மாதம் வாரியம் கூப்பிட்டது. ஓடும் பட்டையில் ஒன்பது நிமிஷம் ஓடினான். ஒரு குறையும் தெரியவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டு, வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார்: சமீபத்தில் நெஞ்சுவலி எதுவும் வந்ததா?

இல்லை என்ற ஒரு சொல் போதும். இருபது வருஷ ஆகாயம் திரும்பக் கிடைத்துவிடும்.

"வந்ததுங்க சார். ஜனவரியில. பறந்துக்கிட்டு இருக்கும்போது."

டாக்டர் பேனாவை மூடினார். "சொல்லாமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். இரண்டு நாள் வைத்திருந்து வேறு சோதனை செய்தார்கள். இதயக் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. இன்னொரு சீசன் பறந்திருந்தால் பருத்திக் காட்டிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். ஃபைலில் 'அன்ஃபிட்' என்று எழுதினார். அதை அவன் கண்ணால் பார்த்தான். தலையில் பாறை உருண்டு விழும் என்று நினைத்திருந்தான், விழவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தான். யாரும் பிடுங்கி எடுத்துக்கொண்டதல்ல, தானே கொடுத்தது என்கிற திமிர் அது.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

சவரிராயன் தரையைப் பார்த்தார். "மார்ச்சிலயே போயிருந்தா நல்லபடியா குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பாங்கப்பா. மார்ச்சில கேட்டிருந்தா இல்லைன்னு பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வந்திருப்பேன். இந்த வருசம் கடைசிக்குள்ள பொணமா வந்திருப்பேன். நீங்க கடுதாசிய மாட்டி வெச்சதுலதான் எனக்கு யோசிக்க நேரம் கெடச்சுது."

கிழவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அன்று இரண்டு உருண்டை களி தின்றார்.

மறுநாள் காலை மாரப்பன் வேலியோரம் வந்து நின்றார். ஊருக்குள் சேதி அதற்குள் வேறு மாதிரி போயிருந்தது. "என்னாங்க, சர்க்காரு நம்ம பையன எறக்கி வுட்டுட்டாங்களாமே?" என்றார் இரக்கத்தோடு.

சவரிராயன் எழுந்து நின்றார். எழுபத்திரண்டு வயதுக்கு அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"எறக்க ஒருத்தனாலயும் முடியலடா மாரப்பா. கையெழுத்துப் போட பேனாவத் தொறந்துட்டாங்க. எம் மவன் அவனா எறங்கினான்."