கை கனக்கும் வரை

உப்புச் சாக்கு பாதி காலியான பிறகுதான் கடையில் வேலை செய்யும் எல்லம்மா பார்த்தாள்.

"சார்! இன்னா பண்றீங்க?"

சத்தியநாதன் தன் கையைப் பார்த்தான். விரலிடுக்கில் கல் உப்பு. முன்னால் பெஞ்சு. பெஞ்சின் மேல் கிருபா. அவளைச் சுற்றிலும் உடைத்த ஐஸ்.

மூன்று வருடமாகச் சாயங்காலங்களில் அவன் வேலை அதுதான். ஆம்பூர் பஜாரில் அவன் மனைவி கிருபா நடத்திய சின்ன ஐஸ்கிரீம் கடையில், மரவாளிக்குள் இருக்கும் பால் டப்பாவின் கைப்பிடியை அவள் சுற்றுவாள். அவன் டப்பாவைச் சுற்றி ஐஸ் கொட்டி உப்பை எறிவான். உப்பு பட்டால் குளிர் கூடும். ஐஸும் சீக்கிரம் கரையும். தோல் பதனிடும் ஷாப்பில் கெமிஸ்டாக இருப்பவனுக்கு இது தெரியாததில்லை. உடைத்த ஐஸைக் கண்டதும் கை தானாக உப்புக்குப் போய்விட்டது.

"இன்னாடா சத்யா," என்றார் பெரியப்பா கிறிஸ்துராஜ். "மண்டியில தோலுக்குப் போடற மாதிரி..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எல்லம்மா இரு கையாலும் உப்பை வழித்தாள். வந்தது கொஞ்சம்தான்.

காலையிலிருந்து ஐஸ் பேக்டரியில் கரண்ட் இல்லை. இருந்த கடைசிக் கட்டியைக் கொடுத்திருந்தார்கள். கோழிக்கோட்டில் நர்ஸாக இருக்கும் ரோஸ் நாலு மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்குவாள். கிருபாவுக்கு இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். டிரங்க் காலில் அழவில்லை. "நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிடாதீங்க மாமா. மொகத்தப் பாக்கணும்."

மே மாதம். பன்னிரண்டரைக்குள் தரையெல்லாம் தண்ணீர். பெஞ்சின் மேல் கைப்பிடியளவு துண்டுகள் மிஞ்சியிருந்தன.

"வெயில் ஜாஸ்தியா கீது," என்றார் பெரியப்பா. "ரெண்டு மணிக்கு எடுத்துடலாம். பாதிரியாரும் அதான் சொல்றாரு."

"ரோஸ் வரணும்."

"வந்து? இன்னாத்தப் பாக்கும்?"

எல்லம்மா பின்னறைப் பக்கம் பார்த்தாள். சத்தியநாதனும் பார்த்தான்.

அங்கே சாக்கு சுற்றிய மரவாளி இருந்தது. உள்ளே மாம்பழ ஐஸ்கிரீம். வாஹித் பாஷா வீட்டு நிக்காவுக்கு நேற்று சாயங்காலம் கிருபா சுற்றியது. சுற்றி முடித்து, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன கார் பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவங்க வேணாம்னு காலையிலயே சொல்லி அனுப்சிட்டாங்க," என்றாள் எல்லம்மா. "நான்தான் ரெண்டு தபா ஐஸ் மாத்திக் கட்டினேன். அம்மா சுத்தினது, வீணாவக் கூடாதுன்னு."

"பிரி."

"சார், அப்புறம் அது..."

"பிரி எல்லம்மா."

வாளியிலிருந்த ஐஸிலும் உப்பு. அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் முக்கிக் கழுவினான். அவள் வாங்கித் துணியில் சுற்றி, கிருபாவின் கழுத்தடியில், கன்னத்தோரம் வைத்தாள். அவன் கை மரத்துப்போனது. கடைசித் துண்டு வரை அவன் எழுந்திருக்கவில்லை.

ஐந்து மணிக்கு ரோஸ் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே அக்காவின் முகத்தைத் தொட்டாள். காதோரம் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்கா," என்றாள். பிறகு, "நல்லா பாத்துக்கினீங்க மாமா."

எல்லம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் வந்திருந்தது. கடைத் தரையில் தண்ணீர் காய்ந்து, பெஞ்சின் நான்கு கால்களைச் சுற்றியும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லம்மா துடைப்பத்தை எடுத்தவள், கூட்டாமல் நின்றாள்.

சத்தியநாதன் பின்னறைக்குப் போனான். ஐஸ்கிரீம் பதம் வந்ததா என்று கிருபா மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. "கை கனத்தா ஆச்சு," என்பாள்.

அவன் மூடியைத் திறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான். அது லேசாகச் சுற்றியது. உள்ளே தளும்பும் சத்தம் கேட்டது.

அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.